கார்பன் சைக்கிள் வாங்கலாமா?

ஒரு சைக்கிளை இரண்டு விரலால் தூக்க முடியுமா?

முடியும். நானே தூக்கிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். "எட்டே முக்கால் கிலோ சார்!" என்றார்.

எங்கள் தாத்தா ஒரு சைக்கிள் வைத்திருந்தார். கறுப்புச் சைக்கிள். கனத்த இரும்பு. 20 கிலோ இருக்கும். அதை வாசற்படி ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கும். அதன் கேரியரில் ஒரு மூட்டை அரிசி வரும். பாட்டியும் வருவாள்!

கடையில் நான் தூக்கிய சைக்கிளுக்குக் கேரியர் இல்லை. ஸ்டாண்டு இல்லை. மட்கார்டு இல்லை. மணி இல்லை. பெடல் கூட இல்லை! "பெடல் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்" என்றார்கள்.

விலை என்ன தெரியுமா? ஒரு லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்.

"அப்படியானால் அந்த விலைக்கு என்னதான் தருகிறார்கள்?" என்று என் அக்காள் கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இரண்டு மாதம் அலைந்தேன்.

அக்காள் மகன் கேட்டான்

என் அக்காள் மகன் என்ஜினீயரிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியற்காலை 4 மணிக்கு எழுந்துவிடுவான். நண்பனின் பழைய சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டப் போவான். அங்கே அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். பின்னால் சிவப்பு விளக்கு மினுக்க, வரிசை வரிசையாகச் சைக்கிள்கள் பறக்கும். ஆட்டுக்கிடாயின் கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார். மெல்லிய டயர். குனிந்த முதுகு. இதற்கு "ரோடு பைக்" என்று பெயர்.

பையனுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. "வாங்கினால் கார்பன் சைக்கிள்தான் வாங்குவேன்" என்று ஒரே பிடிவாதம்.

அக்காளிடம் ஏலச்சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் இருந்தது. அதில் 40 ஆயிரம், சின்னவளுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட. மீதி 60 ஆயிரத்தை மகனுக்குத் தர அக்காள் சம்மதித்திருந்தாள். ஆனால் 60 ஆயிரத்துக்குப் புதிய கார்பன் சைக்கிள் கிடைக்காது. பழையது ஒன்று 85 ஆயிரத்துக்கு வருகிறது என்று பையன் சொன்னான்.

"தம்பி, நீதான் அவனுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். தங்கை சம்பளத்தில் கை வைக்கப் பார்க்கிறான்" என்று அக்காள் கண் கலங்கினாள்.

பையன் என்னைத் தனியாக அழைத்தான். "மாமா, நீங்கள்தான் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்" என்றான்.

இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அது நான்தான்!

கரியில் செய்த சைக்கிள்

முதலில் கார்பன் என்றால் என்ன என்று பார்ப்போம்.

கார்பன் என்றால் கரி. பென்சிலுக்குள் இருப்பதும் அதுதான். வைரமும் அதுதான். ஆனால் சைக்கிளில் இருப்பது கரிக்கட்டை அல்ல. கரி நூல்!

கடையில் விற்கும் ஸ்வெட்டர்களில் பல, அக்ரிலிக் என்ற செயற்கை நூலால் ஆனவை. அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு நூலை எடுத்துக்கொள்ளுகிறார்கள். முதலில் இளஞ்சூட்டில் பக்குவம் செய்கிறார்கள். பிறகு காற்றுப் படாமல் 1,000 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். மற்றவை எல்லாம் வெளியேறிவிடும். கார்பன் மட்டும் நிற்கும். அந்த இழையின் பருமன் நம் தலைமயிரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால் இழுத்தால் அறுவது லேசில் இல்லை. அதே எடையுள்ள இரும்பை விடப் பல மடங்கு பலம்!

இந்த இழைகளைப் பசையில் தோய்த்துத் தாள் போல ஆக்குகிறார்கள். தையற்காரர் துணி வெட்டுவது போல, அந்தத் தாளை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் குறிப்பிட்ட கோணத்தில் அடுக்கி, அச்சுக்குள் வைத்து, சூடேற்றி இறுக வைக்கிறார்கள். அடுக்கும் வேலை பெரும்பாலும் மனிதர் கையால் நடக்கிறது. தைவானிலும் சீனாவிலும்தான் இந்தத் தொழிற்சாலைகள் அதிகம்.

விலை ஏன் அதிகம் என்று இப்போது புரிகிறது அல்லவா? கரிக்கு விலை இல்லை. கைவேலைக்கு விலை.

இழையின் போக்கில்தான் பலம் இருக்கிறது. குறுக்கே இல்லை. மூங்கிலைப் பாருங்கள். நீளவாக்கில் இழுத்தால் வராது. கத்தியை வைத்துப் பிளந்தால் சட்டென்று பிளக்கும். ஆகவே துண்டுகளை எந்தக் கோணத்தில் அடுக்குவது என்பதில்தான் தொழில் ரகசியம் இருக்கிறது. நல்ல கம்பெனி சரியாக அடுக்கும். பெயர் தெரியாத கம்பெனி எப்படி அடுக்கியது என்பது வெளியே தெரியாது. மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான்!

இந்தச் சைக்கிள் நேற்று வந்தது அல்ல. 1986-ம் ஆண்டிலேயே கிரெக் லெமாண்ட் என்ற அமெரிக்க வீரர், கார்பன் சட்டம் உள்ள சைக்கிளில் ஏறி "டூர் டி பிரான்ஸ்" பந்தயத்தில் வென்றார். மறு ஆண்டே தைவானைச் சேர்ந்த ஜெயன்ட் கம்பெனி கார்பன் சைக்கிளைத் தொழிற்சாலையில் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது. எடை குறைந்துகொண்டே போனது. இதற்கு ஒரு எல்லை வேண்டாமா? 2000-ம் ஆண்டில் உலக சைக்கிள் சங்கம் ஒரு வரம்பு கட்டியது. பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்றது.

அதாவது, "இன்னும் லேசாகச் செய்யாதே!" என்று சட்டம் போட வேண்டிய நிலை!

தராசில் வைத்துப் பார்த்தேன்

இனி பணம் கொடுப்பவர்களுக்கான விஷயம்.

சைக்கிளின் எலும்புக்கூட்டுக்குப் பிரேம் என்று பெயர். நல்ல அலுமினியப் பிரேம் ஏறக்குறைய ஒன்றரை கிலோ இருக்கும். நடுத்தர விலைக் கார்பன் பிரேம் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். வித்தியாசம் எவ்வளவு? அரை கிலோவுக்கு உள்ளேதான்!

அரை கிலோ என்றால் எவ்வளவு? சைக்கிளில் மாட்டிப் போகும் தண்ணீர்ப் பாட்டில் அளவு. வழியில் குடித்துவிட்டால் சைக்கிள் லேசாகிவிடும்!

கடைக்காரர் சொல்லாத சங்கதி ஒன்று இருக்கிறது. பிரேம் மட்டும் சைக்கிள் அல்ல. சக்கரம் இருக்கிறது. டயர் இருக்கிறது. கியர் இருக்கிறது. சீட் இருக்கிறது. விலையைக் குறைவாகக் காட்டவேண்டும், "கார்பன்" என்ற பெயரும் வேண்டும் என்றால் கம்பெனி என்ன செய்யும்? பிரேமைக் கார்பனில் செய்துவிட்டு, சக்கரத்தைக் கனமானதாகப் போடும். டயரை மட்டமானதாகப் போடும். சைக்கிள் ஒன்பது கிலோவுக்கு வந்து நிற்கும். பக்கத்தில் இருக்கும் நல்ல அலுமினியச் சைக்கிளும் ஒன்பது, ஒன்பதரை கிலோதான்.

பட்டு வேட்டி கட்டி, கிழிந்த செருப்பு போட்ட மாதிரி!

நம் வீடுகளில் தங்கம் வாங்கும்போது எடை பார்க்கிறோம். கால் கிலோ கத்தரிக்காய் வாங்கும்போதும் தராசு முள்ளைப் பார்க்கிறோம். லேசான சைக்கிள் என்று சொல்லி ஒன்றரை லட்சம் வாங்குகிறவரிடம் மட்டும் எடை போட்டுக் காட்டச் சொல்ல நமக்குக் கூச்சம்! கொக்கித் தராசு ஒன்று எடுத்துப் போங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே அளவுச் சைக்கிளை, பெடல் மாட்டி, உங்கள் கண் முன்னால் தொங்கவிடச் சொல்லுங்கள். விளம்பரத் தாளில் இருக்கும் எடை பெரும்பாலும் பெடல் இல்லாத எடை. சிறிய அளவுச் சைக்கிளின் எடையாகவும் இருக்கலாம்.

ஏற்காடு மலைக் கணக்கு

"மாமா, மலை ஏறும்போதுதான் அதன் அருமை தெரியும்" என்றான் பையன்.

சரி, மலையும் ஏறிப் பார்ப்போம். சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சைக்கிள்காரர்களுக்கு அது பரீட்சை மண்டபம்.

பையனின் எடை 70 கிலோ. சைக்கிள் 10 கிலோ. மொத்தம் 80 கிலோவை மலைமேல் ஏற்ற வேண்டும். இப்போது 10 கிலோ சைக்கிளுக்குப் பதில் 8 கிலோ சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 78 கிலோ. நாற்பதில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. ஆகவே 100 நிமிடத்தில் மலை ஏறுகிறவர், அதிகம் போனால் இரண்டரை நிமிடம் முன்னால் போய்ச் சேருவார்.

இரண்டரை நிமிடம்! மேலே போய் ஒரு டீக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நேரம்.

பந்தய வீரருக்கு அந்த இரண்டரை நிமிடம் வாழ்வு. மறுப்பதற்கு இல்லை. வினாடியில் வெற்றி தோல்வி அவருக்கு. நம் பையன்களுக்கு?

மலை இல்லாத சமதளத்தில் எடையின் ஆட்டம் இன்னும் குறைவு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் பலத்தின் பெரும்பகுதியைத் தின்பது எடை அல்ல, எதிர்க்காற்று. கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றில் மிதித்தவர்களைக் கேளுங்கள். அங்கே உதவுவது, முதுகைக் குனிந்து உட்காருவது. இறுக்கமான சட்டை போடுவது. நல்ல டயர் போடுவது. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிப் போவது. இவற்றில் பாதிக்குக் காசே வேண்டாம்.

கார்பனுக்கு வேறு நன்மையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. துருப்பிடிக்காது. காற்றைக் கிழித்துப் போகும் வடிவத்தில் வார்க்கலாம். மேடுபள்ளத்தின் அதிர்ச்சி சற்றுக் குறைவாகத் தெரியும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கைக் கார்பனில் செய்தால் கை மரத்துப்போவது குறையும். ஆனால் அந்தச் சுகத்தில் பெரும்பகுதியை, டயரைச் சற்று அகலமாகப் போட்டு, காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தாலே பெறலாம். நம் ஊர் சாலைகளுக்கு 28 மில்லிமீட்டர் டயராவது வேண்டும். 32 நுழையுமானால் மேலும் நல்லது. ஊசி போன்ற டயரின் காலம் போய்விட்டது. பந்தய வீரர்களே இப்போது அகல டயருக்கு மாறிவிட்டார்கள்.

நாணயம் சொன்ன சேதி

பழைய கார்பன் சைக்கிளைப் பார்க்கப் போன கதையைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முடியாது.

பையனும் நானும் புறப்பட்டோம். எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரரையும் கூட அழைத்துப் போனேன். வயது 60-க்கு மேல். "எனக்கு அந்தச் சைக்கிள் பழக்கம் இல்லையே, தம்பி" என்று தயங்கினார். "உங்கள் கண்ணும் காதும் போதும் அண்ணே" என்றேன்.

பெரிய அடுக்குமாடி வீடு. விற்பவர் நல்ல வேலையில் இருப்பவர். மரியாதையாக உட்கார வைத்தார். காப்பி கொடுத்தார். சைக்கிள் வந்தது. அடடா! கறுப்பும் சிவப்பும் கலந்து ஜொலித்தது. பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவன் கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

கடைக்கார அண்ணன் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையில் இருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். மண்பானை வாங்கும் பெண்கள் சுண்டிப் பார்ப்பார்களே, அதுபோலப் பிரேமை மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். டிக்... டிக்... டிக்... பின்சக்கரத்தின் பக்கம் வந்தபோது சத்தம் மாறியது. பொத்... பொத்...

அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"இதைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாமா?" என்று அண்ணன் கேட்டார்.

விற்பவரின் முகம் மாறியது. "பெயிண்ட் போய்விடும். அதெல்லாம் முடியாது. வேண்டும் என்றால் வாங்குங்கள்" என்றார்.

"கீழே விழுந்ததா சார்?" என்று நான் கேட்டேன். "சின்ன விழுகைதான்" என்றார்.

எழுந்து வந்துவிட்டோம். ஸ்டிக்கரைக் கிழிக்க மறுக்கிறவரிடம் 85 ஆயிரத்தை எப்படிக் கொடுப்பது?

பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை!

இதில் ஒரு பாடம் அல்ல, ஒரு ஆபத்தே இருக்கிறது. இரும்புச் சைக்கிள் மோதினால் வளையும். வளைந்தது கண்ணுக்குத் தெரியும். தெருமுனைப் பட்டறையில் நிமிர்த்தலாம். பற்றவைக்கலாம். கார்பன் வளையாது. அடி பட்டால் உள்ளே அடுக்குகள் பிரியும். வெளியே மயிரிழைக் கீறல் போலத் தெரியும், அல்லது தெரியாமலே இருக்கும். பிறகு ஒருநாள், சரிவில் இறங்கும்போது, பள்ளத்தில் விழும்போது, முறியும். முன்னே சொல்லிக்கொண்டு முறியாது. பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே அது முறிந்தால்?

நாணயத்தால் தட்டுவது முடிவான சோதனை அல்ல. சந்தேகம் எழுப்பும், அவ்வளவுதான். சத்தம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஒலி அலைக் கருவி வைத்துச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். உடைந்த கார்பனைத் திறமையாகச் சரி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தெருவுக்குத் தெரு இல்லை. சோதனைக்கும் ரிப்பேருக்கும் ஆகும் பணத்தையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். பழையதின் லாபம் கரைந்துவிடும்.

என் கையில் உடைந்தது

அடுத்தவரைச் சொல்லுவானேன்? நானே ஏமாந்த கதை ஒன்று உண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன், என் சைக்கிளுக்குச் சீட்டைத் தாங்கும் குழாய் வாங்கினேன். கார்பன் குழாய். 2,000 ரூபாய்தான். செல்போனில் பார்த்து வரவழைத்தது. அதில் கம்பெனிப் பெயர் இல்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் ஸ்பேனரை வைத்து, இரும்பை முடுக்குவது போல "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று முடுக்கினேன். இரண்டாவது மாதம் போல்ட்டுக்குப் பக்கத்தில் விரிசல் ஓடியது. நல்லவேளை, வீட்டு வாசலில்!

குழாயும் மட்டம். என் கையும் மட்டம். கார்பன் பாகங்களை எவ்வளவு முடுக்க வேண்டும் என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். பல பாகங்களில் 5 நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். அதை அளந்து காட்டும் ஸ்பேனர் தனியாக விற்கிறது. கார்பன் சைக்கிள் வாங்குகிறவர் அதையும் வாங்கவேண்டும். அதன் விலையைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று. கார்பன் பிரேமுக்குள் அலுமினியக் குழாய் இருந்தால், வியர்வையின் உப்பும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். குழாய் உள்ளேயே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு இழுத்தாலும் வராது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்துத் துடைத்து, அதற்கென்று விற்கும் பசையைத் தடவி மாட்ட வேண்டும். இதைச் செய்யும் பொறுமை இல்லாதவர்கள் கார்பன் பக்கம் போகவேண்டாம்.

அப்படியானால் எதை வாங்குவது?

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன்.

முதல் ரோடு சைக்கிள் வாங்கும் மாணவர், அப்பா அம்மா பணத்தில் வாங்குகிறவர், அலுமினியப் பிரேம் வாங்கட்டும். போர்க் மட்டும் கார்பனில் இருக்கட்டும். கியர் பெரும்பாலும் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி கியராக இருக்கும். கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 என்று படிப்படியாக விலை ஏறும். கீழ்ப்படியே பழகுகிறவருக்குப் போதும். பிரேக் டிஸ்க் பிரேக்காக இருந்தால் மழையில் நன்றாகப் பிடிக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் அளவு. சட்டை தைக்க அளவு எடுக்கிறோம். சைக்கிளுக்கும் அளவு உண்டு. பெரிய சைக்கிளை "வளர வளரச் சரியாகிவிடும்" என்று வாங்கிக் கொடுத்தால் முதுகு வலியும் முழங்கால் வலியும்தான் வளரும். பெண் பிள்ளைகளுக்கு இதில் அதிக அநியாயம் நடக்கிறது. கடையில் சிறிய அளவு இருக்காது. இருப்பதைத் தலையில் கட்டிவிடுவார்கள். அவசரம் வேண்டாம். சரியான அளவை வரவழைக்கச் சொல்லுங்கள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

ஹெல்மெட், முன் விளக்கு, பின் விளக்கு, காற்றளவு காட்டும் பம்பு, ஒரு மாற்று டியூப் ஆகியவற்றுக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். சைக்கிளுக்கு வரி 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்த மிச்சத்தில் ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கலாம்.

சொந்தமாகச் சம்பாதிக்கிறவர், வாரம் தவறாமல் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர், பந்தயத்தில் இறங்குகிறவர் கார்பன் வாங்கட்டும். யார் தடுத்தார்கள்? உழைத்த பணத்தில் ஒரு ஆசை! ஆனால் புதியதாக வாங்கட்டும். பெயர் உள்ள கம்பெனியில், எழுத்து மூலம் உத்தரவாதம் வாங்கிக்கொள்ளட்டும். "ஐ.எஸ்.ஓ. 4210" என்ற பாதுகாப்புச் சோதனையில் தேறியதா என்று கேட்கட்டும். விழுந்து உடைந்தால் குறைந்த விலையில் மாற்றுப் பிரேம் தருவீர்களா என்றும் கேட்கட்டும். சில கம்பெனிகள் தருகின்றன. போன ஆண்டு மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் கூச்சப்படாமல் வாங்கலாம். நிறம்தான் பழையது!

கடன் வாங்கி, மாதத் தவணை கட்டி, வீட்டுச் செலவைச் சுருக்கி வாங்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சைக்கிள் லேசாகும். வீடு கனத்துப் போகும்.

பிறகு என்ன ஆயிற்று?

மூன்றாம் நாள் பையன் வந்தான். தலையைக் குனிந்துகொண்டே, "அந்த அலுமினியச் சைக்கிளை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா மாமா?" என்றான்.

போனோம். நான்கு கடை ஏறி இறங்கினோம். 55 ஆயிரத்துக்கு ஒன்று அமைந்தது. நீல நிறம். கொக்கித் தராசில் தொங்கவிட்டேன். பத்து கிலோ. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்! மீதி 5 ஆயிரத்தில் ஹெல்மெட்டும் விளக்கும் மற்றவையும் வாங்கினோம். சின்னவளின் சம்பளத்தை அக்காள் அதே வாரம் கட்டிவிட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அக்காள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். பொட்டு வைத்தாள். பிறகு சந்தேகத்தோடு ஒரு கையால் சைக்கிளைத் தூக்கினாள். வந்துவிட்டது!

"கனமே இல்லையே! இதைவிட லேசாக எதற்கடா உனக்கு?" என்றாள்.

பையன் போன மாதம் ஏற்காடு ஏறிவிட்டு வந்தான். 20 வளைவிலும் நின்று போட்டோ எடுத்திருக்கிறான். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக் காசு சேர்க்கிறான். எதற்கு என்று கேட்டேன்.

"சக்கரம் மாற்ற வேண்டும் மாமா. லேசான சக்கரம்" என்றான்.

"என்ன சக்கரம்?"

"கார்பன்!"

விலையையும் சொன்னான். அதை நான் இன்னும் அக்காளிடம் சொல்லவில்லை.